கோட்டு அறையிலிருந்து கேட்ட கனடா

ஆக்லாந்தின் எல்லர்ஸ்லி பகுதியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை நாலு மணி அடித்தால் சமையலறை ஃபிரிட்ஜைத் திறப்பார்கள். வாரம் முழுக்க மின்னஞ்சலில் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டவர்களெல்லாம் ஆளுக்கொரு பியரை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று சிரிப்பார்கள். நானும் நிற்பேன். கையில் உயரமான கண்ணாடி டம்ளர், அதில் பொன்னிறம், மேலே நுரை, முகத்தில் ஆழ்ந்த அனுபவம். டம்ளரில் இருப்பது இஞ்சி பியர் என்பது எனக்கும் ஃபிரிட்ஜுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். பெயரில்தான் பியர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் குடிப்பது.

குடிக்கக் கூடாதென்று எனக்குக் கொள்கை எதுவும் கிடையாது. கொள்கை இருந்தால் கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு இருப்பது விக்கல். அசல் பியர் ஒரு வாய் உள்ளே போனால் முக்கால் மணி நேரம் தவளை மாதிரி விக்குவேன். முதுகில் தட்டி, மூக்கைப் பிடித்து, பயமுறுத்தி, எல்லாம் செய்து பார்த்தாயிற்று. ஆகவே வாயைக் குடிப்பதற்குப் பதிலாகப் பேசுவதற்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

"இதெல்லாம் ஒரு பியரா? மொன்றியல்ல ஒரு இடம் இருக்கு..." என்று ஆரம்பிப்பேன். ஆக்லாந்துக்கு வருமுன் மூன்று வருடம் கனடாவில் இருந்தவன் நான். ஹாலிஃபாக்ஸில் இரண்டு குளிர்காலம், டொராண்டோவில் ஒன்று. அதைச் சொன்னால் பொய்யில்லை. அதற்கு மேல் சொன்னதெல்லாம் என் கலைத்திறன். எந்த ஊரில் எந்தத் தெருவில் எந்த மாடியில் எந்த வாத்தியம் என்று எட்டு வருடமாக அளந்து அளந்து, கடைசியில் கணக்குப் பிரிவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் என்னை இப்படி அறிமுகப்படுத்தினார்: "ஓம், இவர் கனடாவில கால் வைக்காத பார் இல்லை. ஈரலை ஒரு மியூசியத்துக்குக் குடுக்கலாம்."

நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் பிற்பாடு அனுபவித்தேன்.

எங்கள் டீம் லீடர் மலேசியாக்காரர், ஊர் ஈப்போ. எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர், ஆகவே அக்கா. இருபத்திரண்டு வருடமாக ஆக்லாந்தில் அலுவலகம், வீடு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் என்று மூன்று இடங்களைத் தவிர வேறெங்கும் பெரிதாகப் போனதில்லை. போன அக்டோபரில் ஒருநாள் காலையில் என் மேஜைக்கு வந்தார்.

"பசியாறியாச்சா தம்பி?"

"ஆச்சுக்கா."

"அப்ப நல்லா கேளு. நான் கனடா போறேன். நவம்பர்ல, மூணு வாரம். கேல்கரியில எங்க அக்கா இருக்காங்கள்ல, நாங்க பாத்தே ஒம்பது வருசம் ஆச்சு. ரெண்டு பேரும் ஒண்ணா சுத்தப் போறோம். ஹாலிஃபாக்ஸ், மொன்றியல், டொராண்டோ, வான்கூவர்." குரலைத் தாழ்த்தினார். "பாட்டு, ஆட்டம், ஒரு கிளாஸ் ஏதாச்சும். சின்ன வயசுலேருந்து நாங்க ரெண்டு பேரும் ஒருநாளாச்சும் இப்பிடிப் போகணும்னு பேசிப்போம். எங்க அப்பா சர்ச்சுல பெரிய ஆளு. வீட்டுல ரேடியோவுக்கே நேரம் வெச்சிருப்பாரு. இப்ப அக்காவுக்கு அறுபத்தொண்ணு. இந்தத் தடவ இல்லேன்னா அப்புறம் இல்ல தம்பி."

"கண்டிப்பா போயிட்டு வாங்கக்கா."

"அதான் ஒன்கிட்ட வந்தேன். எனக்கு ஒரு லிஸ்ட் போட்டுக் குடு. ஆனா ஒண்ணு, நீ ஒக்காந்து குடிச்ச எடம் மட்டும் எழுது. கேள்விப்பட்டது வேணாம்லா. கேள்விப்பட்டதெல்லாம் இன்டர்நெட்ல கொட்டிக் கெடக்கு. அக்கா பயந்தவங்க. மொத எடத்துலயே ஏதாச்சும் ஒரு மாதிரியா இருந்துச்சுன்னா, அவ்வளவுதான், அப்புறம் மூணு வாரமும் ஹோட்டல் ரூம்ல ஒக்காந்து டீவி பாப்பாங்க."

நான் ஒரு பாரில்கூட உட்கார்ந்து குடிக்காதவன். அவர் கேட்டதற்கு உண்மையான பதில் ஒரு வெற்றுக் காகிதம். நான் சொன்ன பதில்: "வெள்ளிக்கிழம குடுத்துர்றேன்க்கா."

நியூ லின்னில் எங்கள் வீட்டில் இந்தச் செய்தியைச் சொன்னபோது என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வெங்காயக் கண்ணீரா சிரிப்புக் கண்ணீரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"என்ன வேல பாத்தீங்கன்னு சொன்னீங்களா?"

"கேக்கல, சொல்லல."

"நான் போன் பண்ணிச் சொல்லட்டா?"

விஷயம் இதுதான். ஹாலிஃபாக்ஸில் படிக்கும்போது நான் பார்த்த வேலை, ஒரு பாரின் வாசலில் கோட்டு வாங்கி வைப்பது. கனடாக் குளிரில் ஒவ்வொருவரும் ஒரு மெத்தையைப் போர்த்திக்கொண்டுதான் வருவார்கள். அதைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு, படியேறிப் போவார்கள். நான் படிக்குக் கீழே, அரைக்கதவுக்குப் பின்னால், முந்நூறு கோட்டுகளுக்கு நடுவில். மேலே ஃபிடில் வாசிப்பார்கள், தரை அதிரும், என் தலையில் சுண்ணாம்பு உதிரும். டொராண்டோவுக்குப் போனபோதும் அதே வேலை, கோட்டு மட்டும் விலை அதிகம். ஆக, கனடாவின் இரவு வாழ்க்கையை என்னளவுக்கு உள்ளங்கால் வழியாக அறிந்தவர் யாருமில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் பதினாலு இடங்கள் எழுதினேன். எதிரே குறிப்பு: 'மூலையில் இருக்கும் மேஜை நல்லது', 'நான் வழக்கமாக இங்கே இரண்டாவது ரவுண்டில் நிறுத்திக்கொள்வேன்'. எழுதும்போதே எனக்கு லேசாகப் போதை ஏறியது. அக்கா வாசித்துவிட்டு மகிழ்ந்துபோனார். அதோடு விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"தம்பி, போறதுக்கு முன்னால இங்க ஒரு தடவ கூட்டிட்டுப் போய்க் காட்டு. எப்பிடி உள்ள நொழையறது, எப்பிடி கேக்கறது, கைய எங்க வெச்சுக்கறது. அங்க போய் நானே முழிச்சேன்னா அக்கா என்னா செய்வாங்க?"

அடுத்த சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒத்திகை. அக்காவுக்கு சான்ட்ரிங்ஹாமிலிருந்து பக்கம், எங்களுக்கு நியூ லின்னிலிருந்து ஒரே ரயில் என்று, கிங்ஸ்லாண்ட் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு பழைய பார். பாருக்குப் போவதற்குத் தோதான உடை எதுவென்று யோசித்து, கறுப்புக் கால்சட்டையும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் அணிந்துகொண்டேன். மனைவி மேலும் கீழும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாத நாட்களில் நான் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. இது எனக்கு எப்போதும் பிறகுதான் நினைவுக்கு வரும்.

அக்டோபர் மழை சாய்வாக அடித்தது. வேடிக்கை பார்க்க மனைவியும் சேர்ந்துகொள்ள, மூவரும் நனைந்த கோட்டோடு உள்ளே போனோம். நான் நெஞ்சை நிமிர்த்தி, ஒரு மேஜையைத் தேர்ந்து, உட்கார வைத்தேன்.

"அவசரப்படக் கூடாதுக்கா. அவங்களே வருவாங்க. நாம கூப்பிடவும் கூடாது, கை காட்டவும் கூடாது. சும்மா பேசிக்கிட்டு இருக்கணும். அதான் நாகரிகம்."

பேசிக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம். தட்டு ஏந்தியபடி ஆட்கள் படியேறிப் போவதை ஹாலிஃபாக்ஸில் அரைக்கதவு வழியாக ஆயிரம் தடவை பார்த்தவன் நான், மேலே மேஜை மேஜையாகக் கொண்டுபோவார்கள் என்று நம்பியிருந்தேன். பதினைந்து நிமிடம். அக்கா குளிரில் கைகளைத் தேய்த்தார். இருபது நிமிடம். பக்கத்து மேஜைக்கு எங்களுக்குப் பிறகு வந்தவர்கள் முதல் பியரை முடித்துவிட்டார்கள்.

"அலாமாக், நம்மள அவங்களுக்குப் பிடிக்கலையா தம்பி?"

"இங்க நாமதான் கவுன்ட்டருக்குப் போய் வாங்கணும்கா," என்றாள் என் மனைவி சாவகாசமாக. அவள் மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறாள். மாதம் ஒருமுறை சக ஊழியர்களோடு இதே போன்ற இடங்களுக்குப் போகிறவள். "நியூசிலாந்துல பார்ல யாரும் மேஜைக்கு வர மாட்டாங்க."

"உனக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். நீங்க எவ்வளவு நேரம் நாகரிகமா உக்காந்திருப்பீங்கன்னு பாத்தேன்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "முதல்ல கோட்டெல்லாம் மாட்டிட்டு வந்துர்றேன்," என்று மூன்று ஈரக் கோட்டுகளையும் அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கதவோரச் சுவரில் கொக்கிகள் வரிசையாக இருந்தன. சும்மா மாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் கைக்குப் பழக்கம் விட்டுப்போகுமா? உதறினேன். காலருக்குள் இருக்கும் வளையத்தில் மாட்டினேன். அக்காவின் சால்வையைச் சுருட்டிக் கோட்டின் கைக்குள் செருகினேன், கீழே விழாதபடி.

அப்போது கதவு திறந்து, ஒரு வெள்ளைக்காரப் பாட்டி பரிசுப் பொட்டலத்தோடு வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கொக்கி, நான். ஒரு நொடிகூட யோசிக்காமல் கோட்டைக் கழற்றி என் கையில் வைத்தார். நானும் ஒரு நொடிகூட யோசிக்காமல், லேசாகக் குனிந்து, வாங்கிக்கொண்டேன். அவருக்குப் பின்னால் அவர் கணவர். அவருக்குப் பின்னால் யாருடைய பிறந்தநாளுக்கோ வந்த ஒரு குடும்பம் மொத்தமும். நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கணத்தில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பரவசம், அதை எப்படிச் சொல்வது, எட்டு வருடமாக ஆட விடாமல் உட்கார வைத்த ஆட்டக்காரனை மைதானத்தில் இறக்கிவிட்ட மாதிரி. நீளக் கோட்டு இடப்பக்கம், குட்டை வலப்பக்கம், ரொம்ப நனைந்தது கடைசியில், குடை மூலையில். பதினோரு கோட்டு. ஒருவர் என் சேவையைப் பாராட்டித் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

திரும்பினால் அக்கா நிற்கிறார்.

"தம்பி, நீ இங்க வேல செய்றியா?"

"இங்க இல்லக்கா," என்றேன்.

அவ்வளவுதான். மிச்சம் தானாகக் கொட்டிவிட்டது. படிக்குக் கீழே அரைக்கதவு, முந்நூறு கோட்டு, சுண்ணாம்பு, விக்கல், இஞ்சி பியர். பதினாலு இடங்களில் ஒன்றில்கூட நான் உட்கார்ந்ததில்லை என்பதைச் சொல்லும்போது தலை குனிந்துவிட்டது. "மன்னிச்சிருங்கக்கா. லிஸ்ட்டக் கிழிச்சுப் போட்டுருங்க."

அக்காவின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்துபோனேன். பார்த்தால் சத்தமே வராத சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கொக்கியில் தொங்கிய யாருடைய கோட்டிலோ முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஈரலுக்கு மியூசியமாம்லா!" என்று மறுபடி ஆரம்பித்தார்.

மேஜைக்கு வந்தபோது மனைவி கவுன்ட்டருக்குப் போய் எல்லாவற்றையும் வாங்கி வைத்திருந்தாள். அக்காவுக்கு ஆப்பிள் சைடர், தனக்கும் அதே, எனக்கு எந்த மரியாதையும் இல்லாமல் இஞ்சி பியர். அக்கா ஒரு மடக்கு குடித்துப் பார்த்து, புருவத்தைத் தூக்கி, இன்னொரு மடக்கு குடித்தார். பிறகு கண்டிப்பான டீம் லீடர் குரலுக்கு மாறினார்.

"ஆனா எனக்கு ஒண்ணு புரியல. கோட்டு ரூம்ல நின்னவனுக்கு மொன்றியல், வான்கூவரெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"கோட்டு மாட்டும்போதுதானக்கா எல்லாரும் பேசுவாங்க. குடிச்சிட்டு, ஒரு கைய தப்பான பக்கம் விட்டுக்கிட்டு, அடுத்து எங்க போலாம்னு சண்டை போடுவாங்க. மொன்றியல்காரன் எங்க ஊருல மாதிரி வருமான்னுவான். வான்கூவர்காரன் போய்யாம்பான். மூணு குளிர்காலம் முழுக்க எனக்கு அதான் ரேடியோ."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப அத எழுது. இன்டர்நெட்ல இருக்கறதெல்லாம் போறதுக்கு முன்னால சொல்றது. இது குடிச்சிட்டு வெளிய வந்தவங்க சொன்னது. அவங்களுக்குப் பொய் சொல்லத் தெம்பு ஏது?"

அங்கேயே ஒரு நாப்கின் தாளில் எழுத ஆரம்பித்தோம். கோட்டுகளை வைத்தே ஒரு பாரை எடைபோட எனக்குத் தெரியும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. கோட்டை உடனே கேட்டு வாங்கிக்கொண்டு போனால் அந்த இடம் சுமார். ஒருவர் கோட்டை இன்னொருவர் மாட்டிக்கொண்டு கட்டிப்பிடித்தபடி போனால் நல்ல இடம். கோட்டையே மறந்துவிட்டு, பனியில் சட்டையோடு பாடிக்கொண்டு போனால் மிக மிக நல்ல இடம். அப்படி மறந்துபோனவை எங்கள் பாரில் வாரத்துக்கு ஐந்தாறு சேரும். ஆகவே முதல் இடம் ஹாலிஃபாக்ஸ், ஆர்கைல் தெருப் பக்கம், நான் நின்ற அதே பார்தான். சனிக்கிழமை ஃபிடில். வெளியே வந்ததும் டோனேர் என்று ஒன்று சாப்பிட வேண்டும். ரொட்டிக்குள் இறைச்சியை வைத்து இனிப்பாக ஒரு வெள்ளைக் குழம்பை ஊற்றித் தருவார்கள். நிதானத்தில் இருப்பவர்கள் யாரும் அதைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை, போதையில் இருப்பவர்கள் யாரும் இகழ்ந்தும் கேட்டதில்லை.

மொன்றியலில் ஹோட்டல் பாரைத் தவிர்த்துவிட்டு பிளாட்டோ பகுதியில் தாங்களே பியர் காய்ச்சும் சின்னக் கடைகளுக்குப் போகச் சொன்னேன். அதைப் பற்றிச் சண்டை போட்டவர்கள் எல்லோரும் அந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள். டொராண்டோவில் உயரமான மாடி பார்களுக்குப் பகலோடு போய்விட்டு வந்துவிட வேண்டும். இருட்டினால் ஆஸிங்டன் தெரு. வான்கூவரில் மழை நம் ஆக்லாந்து மாதிரியே, குடை எடுத்துப் போனால் சிரிப்பார்கள். எந்த ஊரானாலும் சீசர் என்று ஒரு பானம் கேட்க வேண்டும்.

"அது என்னா?"

"தக்காளிச் சாறு, மட்டிச் சாறு, மிளகு, காரம், வோட்கா. கேட்டவரைக்கும் சொல்றேன், நண்டு ரசத்துல கொஞ்சம் விஷயம் சேத்த மாதிரி."

"அக்காவுக்கு ரசம்னா உயிரு," என்று அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார் அக்கா.

நவம்பர் நடுவில் கிளம்பிப் போனார். எனக்குத்தான் அதன் பிறகு சோறு இறங்கவில்லை. சிரித்துவிட்டார், சரி. ஆனால் அந்த முதல் ராத்திரி சொதப்பினால் இரண்டு பேரின் நாற்பது வருட ஆசை ஹோட்டல் அறையில் டீவி பார்க்குமே. நான் சொன்ன பார் இப்போதும் அதே மாதிரி இருக்கிறதா, கடையே இருக்கிறதா, ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. சமையலறையில் சாம்பார் கொதிக்கிறது. போன் அடித்தது. ஹாலிஃபாக்ஸில் அப்போது சனிக்கிழமை ராத்திரி ஒன்பது. திரையில் அக்காவின் மூக்கு மட்டும், சிவப்பாக.

"தம்பி! எடம் இருக்கு! பாட்டும் கேக்குது! ஆனா அக்கா உள்ள வர மாட்டேங்கறாங்க. கால் மணி நேரமா ரோட்டுல நிக்கறோம். நீயே சொல்லு!"

படம் ஒரு சுற்றுச் சுற்றி, கம்பளித் தொப்பிக்குள் இன்னொரு முகத்தில் நின்றது. அதே மூக்கு, இன்னும் சிவப்பு. பெரியக்கா.

"வணக்கம் தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இதெல்லாம் ஒத்துவராது. உள்ள போறதெல்லாம் சின்னப் பிள்ளைங்களா இருக்கு. நான் ஒருத்தி கெழவி போய் நின்னா சிரிக்க மாட்டாங்களா? எங்க அப்பா பாத்தாருன்னா..."

"அப்பா செத்து இருவது வருசமாச்சுக்கா!" என்று பின்னாலிருந்து சத்தம்.

"செத்தா என்னா, பாக்க மாட்டாரா? நீங்க சொல்லுங்க தம்பி. நீங்க இங்கதான வேல செஞ்சீங்களாம்? மேல எப்பிடி இருக்கும்?"

சொல்வதற்கு என்னிடம் எட்டு வருடச் சரக்கு இருந்தது. வாயைத் திறந்தேன். மனைவி கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.

"தெரியாதுங்கக்கா," என்றேன். "நான் மேல போனதே இல்ல."

"ரெண்டு வருசமா? ஒருநாள்கூடவா?"

"ஒருநாள்கூட."

"ஏன்?"

விக்கல் என்று சொல்லலாமென்றுதான் நினைத்தேன். "யாரும் கூப்பிடல," என்று வந்துவிட்டது. "உங்களக் கூப்பிட ஆளு பக்கத்துலயே நிக்குதேக்கா. அதுவும் ஆக்லாந்துலேருந்து வந்து நிக்குது."

பெரியக்கா தங்கையைப் பார்த்தார். தொப்பியை இறுக்கிக்கொண்டார்.

"பத்து நிமிசம்," என்றார். "பத்தே நிமிசந்தான். அப்புறம் ரூமுக்குப் போயிரணும்."

அக்கா போனை அணைக்காமல் கைப்பையில் போட்டுவிட்டார். திரை கறுப்பாகிவிட்டது. படிகளின் சத்தம் கேட்டது. எத்தனை படி என்று எனக்குத் தெரியும், பதினேழு. கதவு திறந்ததும் ஃபிடில் வந்து எங்கள் சமையலறையில் விழுந்தது. கீழே நின்று கேட்ட அதிர்வு வேறு, இது வேறு. தரைக்கு அந்தப் பக்கம் இவ்வளவு வெளிச்சமான சத்தம் இருந்திருக்கிறது!

"நல்லாத்தான் வாசிக்கிறாங்க," என்றாள் மனைவி. அடுப்பை அணைத்தாள். போனின் சத்தத்தைக் கூட்டி, அரிசி டப்பாவின் மேல் வைத்தாள். "வாங்க."

"எங்க?"

"எங்கயா? இங்கதான். கூப்பிடறேன்ல, வாங்க."

எனக்கு ஆடத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆனால் அவள் தெரியாததை நம்பிக்கையோடு செய்வாள். ஃபிரிட்ஜுக்கும் சிங்க்குக்கும் நடுவில் ஆறடி இடம்; அதில் அவள் ஒரு பக்கம் குதிக்க, நான் மறுபக்கம் குதிக்க, இரண்டு தடவை தலை முட்டிக்கொண்டது. துணி உலர்த்த வந்த பக்கத்து வீட்டு மனிதர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் துணிக்குப் பின்னால் மறைந்துகொண்டார். முப்பது நிமிடம் ஆகியிருக்கும். நாற்பதுகூட ஆகியிருக்கலாம். பாட்டு நின்று, கைதட்டல் அடங்கி, கைப்பைக்குள்ளிருந்து பெரியக்காவின் குரல் மூச்சிரைக்கக் கேட்டது.

"ஏய், இவங்க எத்தன மணிக்குக் கடைய மூடுவாங்க?"

"ரெண்டு மணிக்குலா."

"அவ்வளவு சீக்கிரமாவா?"